பிளஸ் டூ முடித்த தங்கைக்கு ஆசிரியர் பட்டயமா, டிகிரி முடித்து பி.எட்.டா?

காங்கேயம் பக்கம் ஊர், தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், டீச்சர் ஆவது என்று உறுதியாக இருக்கிறாள். இரண்டு வருட ஆசிரியர் பட்டயத்தில் இப்போதே சேர்ப்பதா, டிகிரி முடித்துவிட்டு பி.எட். படிக்கவைப்பதா, தமிழ் வழியா ஆங்கில வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை, அதாவது 1 முதல் 5 வரை எடுப்பவள். பட்டயம் படித்து வந்தவள். இப்போது பயிற்சிக்கு வரும் பெண்களை என் வகுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

எது சீக்கிரம் வேலை வாங்கித் தரும் என்பதில் தொடங்காதீர்கள். எத்தனை வயதுப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுகிறாள் என்று முதலில் தங்கையிடமே கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் எழுத்தைக் கற்றுக்கொடுப்பதும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னத்தை விளக்குவதும் ஒரே வேலை இல்லை. சட்டமும் இப்போது அப்படித்தான் பிரித்திருக்கிறது. 1 முதல் 5 வரை எடுக்க இரண்டு வருட தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். டி.எல்.எட். என்று இப்போது சொல்வது அதைத்தான், முன்பு டி.டி.எட். என்றார்கள். 6 முதல் 8 வரை எடுக்க டிகிரியோடு பி.எட். இடையில் 2018இல் ஓர் அறிவிக்கை வந்து, பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புக்குப் போகலாம் என்றது. 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் ‘பி.எட். போட்டால் ரெண்டுக்கும் ஆகும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுபக்கம், பட்டயம் முடித்தவர் மேலே ஒரு டிகிரியும் முடித்தால் 6 முதல் 8 வரைக்கான தகுதி அவருக்கு உண்டு என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி சொல்கிறது. சின்னப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்று தங்கை சொன்னால், பட்டயத்தில் சேர்வதால் மேலே போகும் வழி அடைபட்டுவிடாது.

தொடக்க வகுப்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு, ‘அ ஆ’தானே என்று ஊரில் பேசுவார்கள். இந்த எண்ணத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பேன். ‘கொக்கு’ என்று ஒரு பிள்ளை எழுதுவதைக் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காதுக்கு முதலில் கேட்பது ‘க்’ என்ற ஒலி, அப்புறம்தான் ‘ஒ’. கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பை. அப்புறம் ‘க’, அதற்கப்புறம் கால். கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் வேறு. கொம்பை விட்டுவிட்டு ‘காக்கு’ என்று எழுதும் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறது. இது தெரிந்த டீச்சர் நூறு தடவை இம்போசிஷன் கொடுக்க மாட்டார். அதேபோல ட, ப, ம என்று நேர்க்கோடு அதிகம் வரும் எழுத்துகளில் தொடங்கினால் கை சீக்கிரம் பழகும். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்ததுமே படம், மடம், பட்டம் என்று சொற்களாகவே எழுதலாம். பிள்ளை தானே ஒரு சொல்லை எழுதிவிட்டது என்ற சந்தோஷம் அன்றைக்கே கிடைக்கும்.

கணக்கிலும் இப்படித்தான். 42இல் 17 போனால் எவ்வளவு என்றால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பயிற்சிப் பெண், மூன்றாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியதும் சிவப்பு மையில் தப்புப் போடாமல், “எப்படிச் செஞ்சே கண்ணு?” என்று கேட்டாள். அவன் சொன்னான்: “பெருசுலருந்து சின்னதத்தானுங் டீச்சர் கழிக்கோணும்? ஏழுல ரெண்டு போச்சுங்களா, அஞ்சு.” அவனுக்கு ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகவும் பின்பற்றியிருக்கிறான். அவள் தென்னை ஈர்க்குகளை எடுத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டும், உதிரியாக இரண்டும் அவன் முன்னால் வைத்து, “இதுல பதினேழு எனக்குக் குடு” என்றாள். உதிரி இரண்டையும் கொடுத்தான். கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். கடன் வாங்குதல் என்ற சொல்லையே அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. இந்தப் பெண் நல்ல டீச்சர் ஆவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதனால் பட்டயமோ பி.எட்.டோ, எதில் சேர்ந்தாலும் பள்ளிக்குள் நிஜமாக எத்தனை நாள் நிற்கவைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2014 விதிகளின்படி பி.எட். இரண்டு வருடம், அதில் பள்ளிப் பயிற்சி 20 வாரம். காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கும். நடப்பில் வகுப்புக்கே வராமல் வருகைப்பதிவு போட்டுத் தரும் இடங்களும் இருக்கின்றன. ரெக்கார்டு எழுதிக் கொடுக்கவும், தெர்மாகோலில் டி.எல்.எம். என்னும் கற்பித்தல் கருவிகளைச் செய்து கொடுக்கவும் காசுக்கு ஆள் கிடைக்கும். அப்படிப் படித்து வந்த பெண்ணை ஒன்றாம் வகுப்பில் விட்டால் அவளும் பாவம், பிள்ளைகளும் பாவம். நுண்ணிலைக் கற்பித்தல் என்று கல்லூரிக்குள்ளேயே பாடம் எடுத்துப் பழகும்போது சக மாணவிகளே பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்கள். நிஜப் பிள்ளைகள் அப்படி இருக்க மாட்டார்கள். ஒருவன் ஒண்ணுக்குப் போகணும் என்பான், ஒருத்தி பக்கத்திலிருப்பவள் கிள்ளினாள் என்று அழுவாள்.

பயிற்சிப் புத்தகம் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொண்டு பேசும். கிராமத்தில் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புக்கும் இரண்டு பேர். இதில் தலைமையாசிரியர் ஒன்றிய அலுவலகத்துக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு மிச்சம் ஒருவர். பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துவது ஒரு தனித் திறமை, அதைப் பள்ளியில் நின்றுதான் கற்க முடியும். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்து உட்காரவைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டு குழுவும் சும்மா இருக்காமல், சத்தமும் போடாமல், உருப்படியாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த ‘ஏதாவது’ என்ன என்று முந்தின நாள் ராத்திரியே யோசித்து வைப்பதுதான் பாடக்குறிப்பு. மற்றதெல்லாம் நோட்டை நிரப்புவது.

நம் பக்கத்துப் பள்ளிகளுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைப் பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடியா, இந்தி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்கிறார்கள். பள்ளிப்பாளையம், குமாரபாளையம் பக்கம் அப்பா அம்மா இரண்டு பேரும் மாறி மாறித் தறி ஓட்டுவார்கள். ராத்திரி ஷிப்டு இருந்த வீட்டிலிருந்து பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வரும். தாளவாடி மலைக்குப் போனால் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள். செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று வந்த குடும்பம் பாதி வருடத்தில் கிளம்பிப் போய்விடும். தமிழ் தெரியாத பிள்ளை மக்கு இல்லை, பேசாத பிள்ளை பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. எங்கள் பள்ளியில் ஓர் ஒடியாப் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், நொண்டி ஆட்டத்தில் எண்ணிக்கையைத் தமிழில் கத்தியதைக் கேட்டபோதுதான் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று புரிந்தது. அதற்கப்புறம் அவளுடைய கணக்குப் பாடத்தை நான் பாதி நேரம் மரத்தடியில்தான் நடத்தினேன். தங்கைக்குப் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால், சொந்த ஊர்ப் பள்ளியே வசதி என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு தடவையாவது இப்படிப்பட்ட பள்ளியில் நிற்கட்டும்.

எங்கே சேர்ப்பது? அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பெருந்துறை, உடுமலை பக்கம் திருமூர்த்தி நகர், மாயனூர், நாமக்கல், சேலம் உத்தமசோழபுரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. ‘டயட்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். எல்லா டயட்டிலும் பட்டய வகுப்பு நடப்பதில்லை. சிலவற்றில் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி மட்டும்தான். இந்த வருடம் எதில் சேர்க்கை என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் பொதுவாக 50 சதவீதம் கேட்பார்கள், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தளர்வு உண்டு. செலவும் குறைவு, டயட்டில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தனியார் என்றால், பயிற்சி நிறுவனமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம், இன்று பெரியநாயக்கன்பாளையத்தில், பள்ளிகளும் ஆசிரியர் கல்லூரியும் சேர்ந்தே இருக்கும் வளாகம். அப்படிப்பட்ட அமைப்பில் காலையில் படித்ததை மத்தியானம் பிள்ளைகளிடம் செய்து பார்க்க முடியும். சேர்க்கும் முன் நேரில் போய், இரண்டாம் வருடம் படிக்கும் யாரையாவது பிடித்து, “போன வாரம் எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுத்தீங்க?” என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு. தாள் ஒன்று 1 முதல் 5 வரைக்கு, தாள் இரண்டு 6 முதல் 8 வரைக்கு. இரண்டிலும் 150 கேள்வி, 150 மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு 90 வேண்டும். 2012இல் முதன்முதலாக நடந்தபோது ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள், எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அதே வருடம் அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். ஒரு தடவை தேறினால் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் தகுதி மட்டும்தான், வேலை இல்லை. 2018 அரசாணைக்குப் பிறகு அரசுப் பணிக்குத் தனியாக நியமனத் தேர்வு எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியருக்கு அந்தத் தேர்வு 2024 ஜூலையில் நடந்தது. அறிவிப்புகளுக்கு நடுவே வருடக்கணக்கில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம், தேறியவர்களும் அதில் உண்டு. டெட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சம்பளத்திலும் வேறுபாடு இருக்கிறது. இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600, டிகிரி, பி.எட். முடித்து வரும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. படிகள் தனி. எழுத்தறிவிக்கும் வேலைக்கு இவ்வளவு குறைத்துக் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை அன்றைய கணக்கில் 5,200 என்று வைத்தார்கள், ஒரு நாள் முன்னால் சேர்ந்தவர்களுக்கு 8,370. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அந்தக் கோரிக்கை இத்தனை வருடமாக ஓயாததற்குக் காரணம் இதுதான். குடும்ப நிலைமையில் சம்பளம் முக்கியம் என்றால் டிகிரி, பி.எட். வழியை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கிலோ அறிவியலிலோ தங்கைக்கு நிஜமான ஈடுபாடு இருந்தாலும் அதுவே சரி, நடுநிலைப் பள்ளிக்கு அப்படிப்பட்டவர்கள் வேண்டும். அந்த ஈடுபாடு இல்லாமல், சம்பளம் அதிகம் என்பதற்காக மட்டும் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கை 2030க்குள் டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பையே அடிப்படைத் தகுதியாக்கச் சொல்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டயம் முடித்த கையோடு ஒரு டிகிரியும் தொடங்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாக, தமிழ் வழியா ஆங்கில வழியா. தமிழ் வழியில் பள்ளி படித்த பெண் என்றால் பயிற்சியையும் தமிழ் வழியிலேயே படிக்கட்டும். உளவியல் பாடம் எல்லாம் தாய்மொழியில் படித்தால்தான் மண்டையில் நிற்கும். அதோடு தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பள்ளி மாறிப் படித்திருந்தால் அலைச்சல் அதிகம். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.