கணினியில் சரியாக இருந்த போல்ட்

கேள்வி: ஐயா, வணக்கம். கரும்பாலைகளுக்குக் கன்வேயர் செய்துதரும் சிறிய பட்டறையொன்றில் வடிவமைப்பாளனாக இருக்கிறேன். சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் டூல்பாக்ஸ் நூலகத்திலிருந்து எடுத்துப் பொருத்திய எம்10 (10 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுகள், கோப்பை நண்பரின் கணினியில் திறந்தபோது பூதாகாரமாகத் தெரிந்தன. இந்த ஆயத்தப் பாகங்களை நம்பலாமா, எல்லாவற்றையும் நாமே வரைந்துகொள்வது நல்லதா?
(வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: நம்பலாம். ஆனால் நூலகத்தை ஓர் இடத்தில் வைத்து ஒருவர் பராமரிக்க வேண்டும். பல பாகங்களை ஒன்றுசேர்க்கும் உங்கள் கோப்பில் போல்ட்டின் உருவம் முழுமையாக அடங்கியிருப்பதில்லை; எந்தக் கோப்பு, அதில் எந்த அளவு என்ற குறிப்புதான் இருக்கிறது. நண்பரின் கணினியில் அதே பெயருடைய கோப்பு இருந்து, நீங்கள் தேர்ந்த அளவு அதில் உருவாக்கப்படாமல் இருந்தால், மென்பொருள் கைக்குக் கிடைத்த வேறோர் அளவைக் காட்டிவிடுகிறது. அலுவலகத்துக் கணினிகள் அனைத்தையும் பொதுவான ஒரே நூலகக் கோப்புறைக்குத் திருப்பி, அதை மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். வெளியே அனுப்பும்போது நூலகப் பாகங்களையும் சேர்த்தே கட்டி அனுப்புங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. எம்10 போல்ட்டின் அறுகோணத் தலை, எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால், பழைய ஜெர்மன் தரங்களான டின் 931, 933-இல் 17 மில்லிமீட்டர், சர்வதேசத் தரங்களான ஐஎஸ்ஓ 4014, 4017-இல் 16. எம்12 என்றால் 19, 18. எம்16 இரண்டிலும் 24தான் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நான் தொழில் பழகிய காலத்தில், தலை சுழலாமல் பிடித்துக்கொள்ள 16.5 மில்லிமீட்டர் காடி வெட்டிய தகடுகளை வரைந்தேன். நூலகத்தில் ஐஎஸ்ஓ, பட்டறை அலமாரியில் டின். ஒரு தலைகூட உள்ளே இறங்கவில்லை; ஒவ்வொரு காடியையும் அரத்தால் ராவி அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

கரும்பாலை வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் அங்குலக் கணக்கிலான விட்வர்த் மரை இருக்கும். அரை அங்குல விட்வர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 பாகை. அதே அளவுள்ள, அமெரிக்கத் தரமான யுஎன்சி போல்ட்டுக்கோ 13 மரை, 60 பாகை. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இவை ஒன்றுக்கொன்று சேரா. இத்தகைய பாகங்களை மட்டும் நீங்களே வரைந்து, தரத்தின் பெயர் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி நூலகத்தில் சேருங்கள்.

பேரிங் பற்றியும் கேட்கத் தோன்றும். 6205 என்ற எண்ணுள்ள பேரிங் என்றால் எந்த நிறுவனம் செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். ஆகவே தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். தண்டுக்கும் பேரிங் அமரும் கூட்டுக்கும் உரிய பொருத்த அளவை மட்டும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். டூல்பாக்ஸ் கியர்களை இடம் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பற்களுக்கு, கியர்கள் சீராகச் சுழலத் தேவையான உண்மையான இன்வல்யூட் வளைவு இல்லை, அவற்றை வைத்துப் பல் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள்.

நாளைக் காலை வெர்னியரோடு அலமாரிக்குப் போய், உங்களிடம் உண்மையில் இருக்கும் போல்ட்டுகளின் தலைகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள அளவுகளை மட்டும் நூலகத்தில் திறந்துவைத்து, மற்றவற்றை மறைத்துவிடுங்கள்.