மஞ்சள், அசோலா, முருங்கை: எதற்கு எது, எவ்வளவு? (கேள்வி பதில்)

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீவனத்தில் சேர்க்கும் இயற்கைப் பொருட்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசணம் பிடித்த புண்ணாக்கை வைத்துவிட்டு அதன்மேல் மஞ்சள்தூள் தூவிப் பயன் இல்லை.

பெருந்துறை: சார், அசோலா போட்டால் புண்ணாக்கை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, உண்மைங்களா?

இல்லைங்க. அசோலா தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி. அதில் கால் பங்கு புரதம் என்று சொல்வது காய்ந்த எடையில் வரும் கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். 2 கிலோ அள்ளினால் காய்ந்த சத்து 120 கிராம், அதில் புரதம் 30 கிராம். நல்ல கடலைப் புண்ணாக்கு 70 கிராமில் அவ்வளவு புரதம் இருக்கிறது. அசோலா நல்ல பொருள்தான். கோழிக்கும் கன்றுக்கும் தாராளமாகக் கொடுங்கள், சாணி வாடை போக இரண்டு தண்ணீர் அலசிப் போடுங்கள். ஆனால் 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அதை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தினால் மாடு இளைத்துவிடும்.

பல்லடம்: கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக மஞ்சள், பூண்டு கொடுக்கலாமா அண்ணா?

மனசுக்கு நெருக்கமான கேள்வி தம்பி. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006இலேயே நிறுத்திவிட்டன. நம் நாட்டில் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குத் தர 2019இல் தடை வந்தது. மனிதனுக்கு எந்த மருந்தும் கேட்காமல் போனால் கடைசியாகக் கையில் எடுக்கிற மருந்து அது. அதைக் கோழி எடை கூடுவதற்காகக் கொட்டித் தீர்ப்பது பெரிய பாவம்.

மஞ்சள் என்றால் தீவனம் கிலோவுக்கு 5 கிராம் அளவில் போடலாம். குடலில் கெட்ட கிருமியைக் கொஞ்சம் அடக்கும், ஈரலுக்கும் நல்லது. கடையில் பளிச்சென்று இருக்கும் தூளை மட்டும் வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈய உப்புக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டு மண்ணில் விரலி மஞ்சளுக்கா பஞ்சம்? வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். பூண்டு, ஈஸ்ட், தண்ணீரில் கலக்கும் அமிலக் கலவை எல்லாமே ஓரளவு உதவும். ஆனால் கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய்க்குள் விரலை விட்டால் வழுவழுவென்று பாசி ஒட்டுகிறதா பாருங்கள். அதைக் கழுவாமல் எதைக் கலந்தும் பயனில்லை. அப்புறம், நீங்கள் கம்பெனிக்கு வளர்ப்புக்கூலிக்கு வளர்ப்பவராக இருந்தால் தீவனம் அவர்களுடையது. கேட்காமல் எதையும் கலக்காதீர்கள்.

கோபி: பால் அதிகமாக என்ன கொடுக்கலாம்?

பசுந்தீவனம், எப்போதும் தொட்டி நிறையத் தண்ணீர், அடர்தீவனம், தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை. கலவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும். இதெல்லாம் சரியாக இருந்தால் முருங்கை இலை 1 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம்: எங்க தாத்தா காலத்துல தாது உப்பு யாருங்க போட்டாங்க? கொரங்காட்டுல மேஞ்ச காங்கேயம் மாடு கல்லு மாதிரி இருந்துச்சு. இதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரமுங்க.

கொரங்காடு என்ற சொல்லைக் கேட்டாலே சந்தோஷம் எனக்கு. நம் பக்கத்து மேய்ச்சல் நிலம் அது: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். அந்த மாடு பத்து வகைப் புல்லையும் செடியையும் காயையும் தேடித் தின்றது. நாளுக்கு 2, 3 லிட்டர் கறந்தது. அதற்கு அந்த மேய்ச்சலே போதும், தாத்தா செய்தது சரி.

தாராபுரம் (மறுபடியும்): அப்ப நான் சொன்னதுதானுங்களே சரி?

உங்கள் கட்டுத்தறியில் இப்போது நிற்பது என்ன மாடு? கலப்பினம் என்றால் கணக்கு வேறு. ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம் கால்சியம் போகிறது. 12 லிட்டருக்கு 14 கிராமுக்கு மேல், தினமும். கட்டுத்தறியில் நின்று ஒரே வகைப் புல்லும் சோளத்தட்டும் தின்கிற மாடு அதற்கு எங்கே போகும்? ரத்தத்தில் கால்சியம் இறங்கினால், கன்று போட்ட ஓரிரு நாளில் கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துக்கொள்ளும். காது சில்லென்று இருக்கும், எழுப்பினால் எழாது. நரம்பில் கால்சியம் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும், தாமதித்தால் போய்விடும். அந்த நிலையில் எத்தனையோ வீட்டு வாசலில் அழுகையைக் கேட்டவன் நான். யார் வியாபாரத்துக்காகவும் பேசவில்லை.

காங்கேயம்: தாராபுரத்தார் சொல்வதுதான் சரி. எங்கள் மண்ணிலேயே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

இருக்கட்டும் அண்ணா, உங்கள் பகுதி மாட்டின் எலும்புக்கு அதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அந்த மண்ணில் மேய்கிற காங்கேயம் மாடு வைத்திருந்தால் நான் குறுக்கே வரமாட்டேன். கொரங்காட்டை மனையாக விற்றுவிட்டு, ஜெர்சி கலப்பின மாட்டைக் கொட்டகையில் கட்டி, தாத்தா காலத்தைப் பேசினால்தான் எனக்குப் பொறுக்காது.

அந்தியூர்: பால் கூட என்ன தரலாம் சார்?

கோபிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ராசிபுரம்: குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தழையை வெள்ளாட்டுக்குப் போடலாமா? இயற்கைதானே, ஒன்றும் ஆகாதே?

இயற்கை என்றால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது? பச்சைத் தழையில் சயனைடு இருக்கிறது. வெட்டி ஒரு நாளாவது நன்றாக வாடவிட்டு, மற்ற தழையோடு கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ந்து கிடந்து மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்திலும் இதே விஷம்தான். மேய்ந்த ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி இருக்கிறது, ஆனால் நேரம் இருக்காது.

சென்னிமலை: கடலைப் புண்ணாக்கு லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. வெயிலில் காயவைத்துப் போடலாமா அண்ணா?

கூடாது! வெயில் பூசணத்தைக் காயவைக்கும், அது விட்டுவைத்த அஃப்லடாக்சின் என்ற விஷம் அப்படியே இருக்கும். மாட்டின் ஈரலைக் கெடுத்துப் பாலிலும் இறங்கும். அந்தப் பாலை உங்கள் வீட்டுக் குழந்தைதான் குடிக்கும். குழியில் போட்டு மூடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

சத்தி: மடிநோய்க்கு எந்தத் தீவனம்?

தீவனத்தில் இல்லை, பூச்சில் இருக்கிறது. மூலிகைக் கால்நடை வைத்தியத்தில் பெயர்பெற்ற டாக்டர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், விழுதாக அரைக்க வேண்டும். மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, விழுதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பூசுங்கள். நாளுக்குப் பத்து தடவை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ மருத்துவரை அழையுங்கள்.

பவானி: பால் அதிகமாக...

ஐயா, மூன்றாவது முறை. மேலே இருக்கிறது. பூசணப் புண்ணாக்கைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

எடப்பாடி: நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல். கீழாநெல்லி, சீரகம் போதுமா?

போதாது அக்கா. அது வைரஸ். வருவதற்கு முன்னால் தடுப்பூசி போட்டுத்தான் காக்க முடியும். குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. நோய் வந்த கோழியைத் தனியே பிரித்து வையுங்கள், செத்ததை ஆழமாகப் புதையுங்கள்.

மேச்சேரி: செம்மறிக்கு வேப்பிலை கொடுத்தால் குடற்புழு போகுமா?

ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் வேப்பிலையும் கொடுங்கள், வெள்வேல் காயும் தின்னவிடுங்கள். அந்தக் காயின் துவர்ப்பு புழுவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். வெளுத்துக் காகிதம்போல் இருந்தால் ரத்தம் குடிக்கும் புழு ஏறிவிட்டது, அன்றைக்கே மருந்து ஊற்ற வேண்டும். புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போய் மருத்துவமனையில் கொடுங்கள், எந்தப் புழு என்று பார்த்து அதற்குரிய மருந்தைச் சொல்வார்கள்.