கேள்வி – பதில்: மீந்துபோன தண்ணீர் பாட்டில்களைக் குடிக்கலாமா?

மகளின் திருமணத்துக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில்களில் நான்கு பெட்டிகள் மீந்துவிட்டன. மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். லேபிளில் போட்டிருக்கும் ஆறு மாதக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு குடித்தால் உடம்புக்கு ஆகாதா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

தண்ணீர், பாலைப் போல நாள்பட்டுத் திரிந்துபோகிற பொருள் அன்று. முறையாகச் சுத்திகரித்து, சீல் பிரியாமல் இருக்கும் குடிநீருக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் காலாவதி வரம்பு எதையும் விதிக்கவில்லை. நம் நாட்டில் தேதி அச்சிடுவது கட்டாயம் என்பதால் கெடுவுக்குள் குடித்து முடிப்பதே முறை. ஆனாலும், கெடு முடிந்த மறுநாளே அது நஞ்சாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தேதியைவிட, பாட்டில்கள் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மாடிப்படிக்கு அடியில் பெயிண்ட் டப்பா, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றையும் வைப்பது பல வீடுகளில் வழக்கம். தண்ணீர் பாட்டில்கள் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், அத்தகைய பொருள்களின் ஆவி அதனூடே மெல்லப் புகுந்து, சீல் பிரிக்காத தண்ணீரிலும் வாடையை ஏற்றிவிடும். அவை அங்கே இருந்தால் பாட்டில்களை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்; ஏற்கெனவே வாடை அடித்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.

வெப்பமும் கவனிக்க வேண்டியதே. பெட் பிளாஸ்டிக் தயாரிப்பில் ஆன்டிமனி என்ற நச்சுத் தனிமத்தின் சேர்மம் வினையூக்கியாகப் பயன்படுவதால், அதன் சிறு எச்சம் சூட்டில் தண்ணீருக்குள் கசிகிறது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, அந்நாட்டுக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்ற அளவை அது தாண்டுவதற்கு 60 டிகிரி செல்சியஸில் 176 நாள்கள் ஆகும். 80 டிகிரியிலோ இரண்டு நாள்களுக்குச் சற்று மேல் போதும். ஆகவே, ஒரு பகல் காரில் கிடந்த பாட்டிலுக்காகப் பதற வேண்டாம். கோடை முழுவதும் தகரக் கொட்டகையில் அடுக்கி வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மூடியைத் திறந்த பிறகு கணக்கே வேறு. ஓசோனாலும் புற ஊதாக் கதிராலும் சுத்திகரித்த தண்ணீரில், பின்னர் சேரும் கிருமிகளைத் தடுக்கக் குளோரின் எஞ்சியிருப்பதில்லை. வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அன்றே காலி செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனின் உட்புறம் பச்சையாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர் ஒருவர், சென்னை

கூடாது. அது பாசி. சரியாகக் கழுவாத கேனைக் கடைவாசலில் வெயில் படும்படி வைத்தால் இப்படித்தான் ஆகும். கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது மூடியின் சீல், தண்ணீரை அடைத்த தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். மறுபடியும் அதே நிலை என்றால், குழந்தைகளும் குடிக்கும் தண்ணீர் என்பதால் தயங்காமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.