பதினெட்டரை நியூட்ரான் உண்டா?

அணு எண், நிறை எண், ஐசோடோப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாணவர்களைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், 19 புரோட்டான், 20 நியூட்ரான் உள்ள தனிமம் எது என்று கேட்டதற்கு, என் மகள் இரண்டையும் கூட்டி, அட்டவணையில் 39-ஐத் தேடி, யிட்ரியம் என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று போட்டுவிட்டார்கள். கூட்டல் சரிதானே?

பதில்: கூட்டல் சரி அம்மா, தேடிய இடம்தான் தப்பு. தனிம வரிசை அட்டவணையில் 1, 2, 3 என்று ஓடும் முழு எண் புரோட்டான் எண்ணிக்கை. அதுதான் அணு எண். 19-ஆம் கட்டத்தில் பொட்டாசியம் இருக்கிறது. தனிமத்தைச் சொல்ல அது போதும், நியூட்ரானைப் பார்க்கவே வேண்டாம். கூட்டி வந்த 39-க்கு நிறை எண் என்று பெயர், அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: பொட்டாசியம்-39. யிட்ரியமாக இருக்க 39 புரோட்டான் வேண்டும். இயற்கையில் கிடைக்கிற யிட்ரியத்தின் நிறை எண் 89. மகளைத் திட்டாதீர்கள், பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாள்.

கேள்வி: ஐயா, குளோரினின் அணு நிறை 35.5 என்று புத்தகத்தில் இருக்கிறது. 17 புரோட்டானைக் கழித்தால் 18.5 நியூட்ரான் வருகிறது. அரை நியூட்ரான் உண்டா?

பதில்: கிடையாது தம்பி. இதே 18.5, நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் விடைக்குறிப்பிலேயே அச்சாகி வந்தது. 18 என்று எழுதிய பையனுக்கு மதிப்பெண் போச்சு. அவன் அப்பா வந்து சண்டை போட்ட பிறகுதான் திருத்தினார்கள்.

35.5 என்பது எந்த ஒரு குளோரின் அணுவின் நிறையும் அல்ல. இயற்கைக் குளோரினில் இரண்டு வகை (புரோட்டான் ஒன்றே, நியூட்ரான் வேறு; இவைதான் ஐசோடோப்புகள்) கலந்திருக்கிறது: 18 நியூட்ரான் கொண்ட குளோரின்-35, 20 நியூட்ரான் கொண்ட குளோரின்-37. ஏறத்தாழ நான்கு அணுவை எடுத்தால் மூன்று முதல் வகை, ஒன்று இரண்டாம் வகை. மூன்று 35-ம் ஒரு 37-ம் சேர்ந்தால் 142. நான்கால் வகுத்தால் 35.5. துல்லியமாகச் சொன்னால் 35.45. ஆக, நியூட்ரான் கணக்குக்கு நிறை எண் வேண்டும், அது எப்போதும் முழு எண். தசமப் புள்ளி தெரிந்தால் அது சராசரி, அதிலிருந்து கழிக்காதே.

கேள்வி: 11 புரோட்டான், 12 நியூட்ரான், 10 எலக்ட்ரான். சோடியமா, நியானா?

பதில்: சோடியம்-23. ஓர் எலக்ட்ரான் போனதால் நேர்மின் அயனி, அவ்வளவுதான். எலக்ட்ரான் வரும் போகும், பெயரை மாற்றாது.

கேள்வி: ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40 மூன்றும் ஐசோபார்கள் என்று மனப்பாடம் செய்தேன். எண் ஒன்றாக வந்தது தற்செயலா சார்?

பதில்: நல்ல கேள்வி. இதை நான் வகுப்பில் யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். முதலில் எண்ணிப் பார்: ஆர்கானில் 18 புரோட்டான், 22 நியூட்ரான். பொட்டாசியத்தில் 19, 21. கால்சியத்தில் 20, 20. மொத்தம் 40, பங்கீடு வேறு. இப்படி நிறை எண் ஒன்றாகவும் தனிமம் வேறாகவும் இருப்பவைதான் ஐசோபார்கள்.

இந்த மூன்றில் நடுவில் நிற்கும் பொட்டாசியம்-40 நிலையில்லாதது, அதாவது கதிரியக்கம் உள்ளது. அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் 20 புரோட்டான் ஆகிவிடும். அணு இப்போது கால்சியம். நூற்றில் சுமார் 89 அணுக்கள் இந்த வழியில் போகின்றன. மீதி அணுக்களில் பெரும்பாலும் கரு தன் எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும். 18 புரோட்டான், ஆர்கான். எந்தப் பக்கம் போனாலும் மொத்தம் 40 குறைவதில்லை. அதனால் இது தற்செயல் இல்லை, குடும்பச் சங்கதி. காற்றில் நாம் சுவாசிக்கும் ஆர்கானில் பெரும்பகுதி, பூமியின் பாறைகளில் இருந்த பொட்டாசியம் இப்படி மாறி வந்ததுதான்.

பயப்பட வேண்டாம்: பத்தாயிரம் பொட்டாசியம் அணுவில் ஒன்று போலத்தான் இந்த வகை. பாதியாகக் குறையவே 125 கோடி ஆண்டு ஆகும். நேற்று சாப்பிட்ட வாழைப்பழத்திலும் இருந்தது.

கேள்வி: புரோட்டானை வைத்துத்தான் பெயர் என்று யார் முடிவு செய்தது?

பதில்: மோஸ்லி என்ற இளம் ஆங்கிலேய இயற்பியலாளர். அதற்கு முன் அணு நிறைப்படி அடுக்கினார்கள்; ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10 என்று இடித்தது. நிறை வரிசைப்படி போட்டால் மந்த வாயுவான ஆர்கான் போய் உலோகங்களோடு உட்காரும். 1913-இல் மோஸ்லி தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அணு எண்தான் உண்மையான வரிசை என்று காட்டினார். 1915-இல், 27 வயதில், துருக்கியின் கலிப்போலி போர்க்களத்தில் இறந்தார். அதே 1913-இல்தான் வேதியியலாளர் சாடி 'ஐசோடோப்பு' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்று பொருள், அதாவது அட்டவணையில் ஒரே கட்டம். நியூட்ரானை இயற்பியலாளர் சாட்விக் கண்டுபிடித்தது 1932-இல். பிள்ளைக்குப் பெயர் வைத்து 19 வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது.

கேள்வி: அம்மாவுக்குத் தைராய்டுக்கு அயோடின்-131 தருகிறார்கள். உப்பில் இருக்கும் அயோடின்தானா?

பதில்: தனிமம் அதேதான், 53 புரோட்டான். உப்பில் இருப்பது 74 நியூட்ரான் கொண்ட அயோடின்-127, நிலையானது. மருந்தில் 78 நியூட்ரான், அது கதிரியக்கம் உள்ளது. தைராய்டு சுரப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், பேதம் பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். சிகிச்சையே அதை நம்பித்தான். 8 நாளில் பாதி சிதைந்து செனான்-131 ஆகிவிடும். வீட்டில் எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கனநீர் என்கிறார்களே, அது தண்ணீர் இல்லையா?

பதில்: தண்ணீர்தான். சாதாரண ஹைட்ரஜனில் ஒரே ஒரு புரோட்டான், நியூட்ரானே கிடையாது. டியூட்டிரியம் என்ற வகையில் ஒரு நியூட்ரான் கூட இருக்கும். பெயர் தனியாக இருந்தாலும் புரோட்டான் ஒன்றே, ஆகவே அதுவும் ஹைட்ரஜன்தான். டியூட்டிரியம் இரண்டு சேர்ந்த நீர்தான் கனநீர்; அதன் மூலக்கூறின் நிறை 18-க்குப் பதில் 20. கனநீரில் செய்த ஐஸ் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.