‘மூன்றாம் உலகம்’ என்றால் ஏழை நாடா? நேர்முகத்துக்கு முன் தெளிவாக வேண்டியவை

சர்வதேச உறவுகள் முதுகலைக்கான நேர்முகத்தில் பண்பாட்டுக்கு விளக்கம் கேட்டாலோ, நாடுகளை வகைப்படுத்தச் சொன்னாலோ தடுமாறிவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள். இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: பனிப்போர்க் காலத்தில் ஒரு நாடு எந்த அணியில் இருந்தது என்பதையும் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது.

‘மூன்றாம் உலகம்’ என்ற சொல்லை 1952-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் ஆல்பிரட் சோவி. பின்னர் அமெரிக்க அணி முதல் உலகம், சோவியத் அணி இரண்டாம் உலகம், இரண்டிலும் சேராதவை மூன்றாம் உலகம் என்று வழக்கு நிலைத்தது. வருமானம் இதற்கு அளவுகோலே இல்லை. செல்வம் கொழித்த சுவிட்சர்லாந்தும் சுவீடனும்கூட அன்று எந்த அணியிலும் சேரவில்லை. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்துவிட்டது. ஆகவே பனிப்போரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இன்றைய நிலையைச் சொல்ல வேறு பட்டியல்கள் இருக்கின்றன. உலக வங்கி தனிநபர் வருமானம் ஒன்றை மட்டும் பார்த்து நாடுகளை நான்காகப் பிரிக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 1-இல் அதைப் புதுப்பிக்கிறது. 1990-இல் வந்த மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுட்காலம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்க்கிறது. 0 முதல் 1 வரையான இந்த அளவில் 0.800-உம் அதற்கு மேலும் மிக உயர்ந்த நிலை, 0.550-க்குக் கீழே தாழ்ந்த நிலை. இங்கே எடுப்பது பெருக்குச் சராசரி, அதாவது மூன்று எண்களையும் கூட்டாமல் பெருக்கி, கனமூலம் காண்பது. அதனால் வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் கல்வியின் சரிவை முழுதாக மறைக்காது. மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலை ஐ.நா. 1971 முதல் வைத்திருக்கிறது. பூட்டான் அதிலிருந்து 2023 டிசம்பரில் வெளியேறியது. உலக வர்த்தக அமைப்பிலோ ‘வளரும் நாடு’ என்று ஒரு நாடு தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளலாம்.

ஐந்தாறு நாடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்தப் பட்டியல்களில் எந்த இடம் என்று ஆண்டோடு குறித்துவையுங்கள். சிங்கப்பூரில் தொடங்கினால் நல்லது: அணிசேரா இயக்கத்தின் உறுப்பினர், உலக வங்கிக் கணக்கில் உயர்வருமான நாடு, வர்த்தக அமைப்பில் வளரும் நாடு. மூன்றும் உண்மை. “வளர்ந்த நாடா, இல்லையா?” என்று தேர்வாளர் கேட்டால், எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள். ஆண்டைச் சொல்லாத பதில் பழைய பதிலாகிவிடும்.

பண்பாட்டுக்கு வருவோம். ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871-இல் கொடுத்த வரையறை அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாவற்றையும் அடக்கியது. அதில் உயிர்நாடியான கருத்து, சமூகத்தில் வாழ்ந்து மனிதன் ‘கற்றுப் பெற்றது’ என்பதே. பிறப்போடும் ரத்தத்தோடும் வருவது பண்பாடு ஆகாது. அமெரிக்க மானிடவியலாளர்கள் க்ரோபரும் க்ளக்கானும் 1952-இல் 164 வரையறைகளைத் தொகுத்தார்கள். அத்தனையும் உங்களுக்கு வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, அது எதை விட்டுவிடுகிறது என்றும் சொல்லுங்கள். நடனம், உடை, உணவோடு நிறுத்திக்கொண்டால் பதில் சுற்றுலாக் கையேடு போலாகிவிடும்.

இதைவிடப் பெரிய சறுக்கல், பண்பாடு பின்தங்கியதால்தான் ஒரு நாடு ஏழையானது என்று சொல்வது. கொரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மொழியும் நீண்ட பொது வரலாறும் கொண்ட மக்கள் 1945-இல் பிரிக்கப்பட்டார்கள். ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 2021-இல் தென்கொரியாவை வளர்ந்த நாடுகளோடு சேர்த்தது. வடகொரியா உலக வங்கியின் குறைந்த வருமானப் பிரிவில் இருக்கிறது. பண்பாட்டை மட்டும் காரணம் காட்டினால் இந்த இடைவெளியை விளக்க முடியாது. ஆட்சிமுறை, வணிகம், அணி மூன்றையும் பேசியாக வேண்டும்.