புல் தலைசாய்த்த பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இலக்கியத்துக்குத் தொடர்பில்லாத ஒரு கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்க்கிறேன். மட்டையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. மேலாளரிடம் பேச ஏதாவது விஷயம் வேண்டுமே என்று தொடங்கியது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அமெரிக்க ஒளிபரப்பில் விளம்பரமும் புள்ளிவிவரமும் அதிகம். பிரிட்டிஷ் வருணனையாளர்களிடம் நிதானம் இருக்கிறது, ஆங்கிலமும் அழகு. உங்கள் பார்வையில் எது மேல்? யார் சிறந்த வருணனையாளர்? தமிழில் இப்படி ஒரு வருணனை சாத்தியமா?

அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றைப் பார்க்கத் திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்தால் மனைவி சிரிக்கிறார். நண்பர்கள், "நமக்குச் சம்பந்தமே இல்லாத பணக்கார உலகத்தை ஏன் வேடிக்கை பார்க்கிறாய்?" என்கிறார்கள். அதுவும் சரிதானோ என்று சில நேரம் தோன்றுகிறது.

க.,
செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

போன வாரம் அப்பாவின் திதி. சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது தங்கை கேட்டாள், "அப்பா சத்தமே வைக்காம டிவியில கோல்ஃப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கா?" நாலு நாளாக அந்த நினைப்பிலேயே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னால், வேறு நாளில் வந்திருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். விளம்பரத் தொல்லை அமெரிக்க ஒளிபரப்பின் பிறவிக் குணம். மாஸ்டர்ஸ் மட்டும் விதிவிலக்கு, அங்கே மணிக்கு நான்கு நிமிடம்தான் விளம்பரம். சிபிஎஸ் தொலைக்காட்சி 1956 முதல் அதை ஒளிபரப்பி வருகிறது, ஆனால் அங்கே போட்டியை நடத்தும் அகஸ்டா கிளப் சொல்வதுதான் சட்டம். 1966-ல் பார்வையாளர்களைக் 'கும்பல்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட வருணனையாளர் ஜாக் விட்டேக்கரைப் பல ஆண்டுகள் அந்தப் பக்கமே சேர்க்கவில்லை. பணிவாகப் பேசுவதும் நன்றாகப் பேசுவதும் ஒன்றா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரம் பிடிக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் எழுந்து போய்க் கோப்பி கலக்குங்கள்.

தமிழ் வருணனையா? சாத்தியம்தான். ஆனால் பயமாக இருக்கிறது. அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் கிரிக்கெட்டுக்குத் தமிழில் வருணனை செய்தார்கள். படம் கிடையாது, எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், அழகாகச் சொன்னார்கள். இன்றைக்குப் படம் பளிச்சென்று கண்முன்னால் ஓடுகிறது, அப்போதும் ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார். நடுவில் சினிமா வசனம் வேறு. குழி விளிம்பில் பந்து தயங்கி நிற்கும்போது அந்தக் குரல் வந்து விழுந்தால் நான் தாங்க மாட்டேன். 1986 மாஸ்டர்ஸில் 46 வயது ஜாக் நிக்லாஸ் பதினேழாம் குழியில் உருட்டிய பந்து உள்ளே விழுந்தபோது வருணனையாளர் வெர்ன் லண்ட்குவிஸ்ட் சொன்னது இரண்டே சொல்: "யெஸ் சார்!" அவ்வளவுதான், பிறகு கூட்டத்தின் இரைச்சலை நம் காதுக்கு விட்டுவிட்டார். அந்த அடக்கம் நம்மவர்களுக்கு வந்த பிறகு பார்ப்போம்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். 'ஆங்கிலம் அழகு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் இந்த மயக்கம்? நாற்பது வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டும், ஒருவர் நுனிநாக்கில் பேசினால் அவருக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

அதைவிடக் கோபம் வந்தது உங்கள் நண்பர்களின் வாக்கியத்தைப் படித்துத்தான். 'நமக்குச் சம்பந்தமே இல்லாத உலகம்.' அதற்கு நீங்களும் பாதி தலையாட்டியிருக்கிறீர்கள். யாருக்கய்யா சம்பந்தமில்லை? இந்தத் தீவில் கோல்ஃப் திடல்களின் புல்லை வெட்டியது யார்? மர்டான் மாமாட், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் 'கேடி'யாகத் தொடங்கியவர். 2006-ல் லகுனா நேஷனல் திடலில் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்று, ஐரோப்பியச் சுற்று (யூரோப்பியன் டூர்) போட்டியில் வென்ற முதல் சிங்கப்பூரர் ஆனார். அவர் ஜெயித்ததாவது பேப்பரில் வந்தது. பை தூக்கியதோடு, புல் வெட்டியதோடு நின்றுபோனவர்களின் பெயர் எங்கும் வரவில்லை.

என் அப்பா ரஜூலா கப்பலில் வந்தவர். ஒரு கிளப்பில் புல் வெட்டுகிறவராகச் சேர்ந்து, மண்டோராகி (மேற்பார்வையாளராகி), அங்கேயே ஓய்வு பெற்றார். கிளப்பின் பெயர் வேண்டாம். ஊழியர் பிள்ளைகள் கிளப் கட்டடத்தின் முன்வாசல் பக்கம் நிற்கக்கூடாது என்று விரட்டிய இடம் அது. பள்ளி விடுமுறையில் விடியுமுன்னே அப்பாவோடு சைக்கிளில் போவேன். எனக்கு அங்கே பிடித்த வேலை குழி மாற்றுவது.

குழி மாற்றுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. கிரீனில், அதாவது பந்தை உருட்டுவதற்காக ஒட்ட வெட்டிய புல்தரையில், இருக்கிற குழி தினமும் ஒரே இடத்தில் இருக்காது. குழாய் மாதிரி ஒரு கருவி, மேலே இரண்டு கைப்பிடி. அதைப் புல்லில் வைத்து அப்பா உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருகுவார். நாலேகால் அங்குல அகலத்துக்கு மண்ணும் வேரும் புல்லுமாக ஓர் உருளை அப்படியே கழன்று வரும், அகலமான லோட்டாவில் கெட்டியாக உறைந்த தயிரைக் கவிழ்த்த மாதிரி. அந்த உருளையைப் பழைய குழியில் இறக்கிக் காலால் மெல்ல மிதித்து, பால் டின்னில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவார். மறுநாள் போய்ப் பார்த்தால் குழி இருந்த இடமே தெரியாது. நான் மண்டியிட்டுத் தேடுவேன். அப்பா தூரத்தில் நின்று சிரிப்பார்.

ஒருநாள் மாலையில் அதே குழியைக் காட்டி, "விளிம்பைப் பாரு" என்றார். ஒரு பக்கம் கத்தியால் அறுத்தாற்போலச் சுத்தமாக இருந்தது. எதிர்ப்பக்கம் புல் பழுப்பேறிப் பிய்ந்திருந்தது. "புல் எந்தப் பக்கம் தலைசாய்ச்சிருக்கோ அந்தப் பக்கம்தான் பிஞ்சிருக்கும். வேர் இந்தப் பக்கம் அறுந்துபோச்சு, தலை அந்தப் பக்கம் காயுது. பந்தும் அந்தப் பக்கம்தான் போகும்." நம் வெயிலுக்குத் தாங்கும் பெர்முடா மாதிரிப் புல் நேராக நிற்காது, படுத்துத்தான் வளரும். படுத்த திசையில் பார்த்தால் பளபளக்கும், பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் பார்த்தால் கறுத்துத் தெரியும், பந்து திணறும். பெரிய ஆட்டக்காரர்கள் இதைப் பயிற்சியாளரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதில் ஓசியில் கிடைத்தது, நான்தான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

1999 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நள்ளிரவு தாண்டிவிட்டது. தோ பாயோ வீடு. பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லந்தின் கார்னூஸ்டி. அம்மா உள்ளே தூங்குவதால் சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தார் அப்பா. அம்மா விழித்திருந்தாலும் அப்படித்தான், அவருக்கு அந்த ஆங்கிலம் தேவைப்படவில்லை. ழான் வான் டி வெல்ட் என்ற பிரெஞ்சுக்காரர் மூன்று அடி முன்னிலையில், அதாவது மற்றவர்களைவிட மூன்று மட்டையடி குறைவாக, கடைசிக் குழிக்கு வருகிறார். நாலில் முடிக்க வேண்டியதை ஆறில் முடித்தாலே கோப்பை அவருக்குத்தான். முதல் அடி வலப்பக்கம் எங்கோ போனது. இரண்டாவது, பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடைச் சுவரில் மோதித் திரும்பி வந்து உயர்ந்த புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவர் வந்து நின்றார். கேமரா புல்லைக் கிட்டத்தில் காட்டியது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது தண்ணியைத் தாண்டாது."

"ஏன்ப்பா?"

"புல்லைப் பாரு. தடிச்சுக் கெடக்கு. மட்டையைப் புடிச்சுக்கும்."

பந்து சோர்ந்துபோய் ஓடைக்குள் விழுந்தது. அந்த மனிதர் காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். உலகமே சிரித்துக்கொண்டிருந்திருக்கும். அப்பா, "பாத்து, பாசி இருக்கும், சறுக்கும்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் ஏழு அடி, சமநிலை, அப்புறம் நாலு குழி கூடுதல் ஆட்டம், பால் லாரி வென்றார். அன்று காலை பத்து அடி பின்னால் இருந்தவர்.

பல வருடம் கழித்து அதே காட்சியைப் பிபிசியின் குரலோடு இணையத்தில் பார்த்தேன். நீங்கள் ரசிக்கும் பிரிட்டிஷ் நிதானத்தின் சக்கரவர்த்தி பீட்டர் அலிஸ். யாராவது போய் அந்த ஆளைத் தடுத்து நிறுத்தி ஒரு பெரிய பிராந்தி கொடுங்கள் என்கிறார். நானும் சிரித்தேன், அலிஸ் பெரிய கலைஞர்தான். ஆனால் அவர் சொன்னதில் எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த மனிதரின் புத்தி கெட்டதைப் பற்றி. அவர் முன்னால் இருந்த புல்லைப் பற்றி அப்பா பந்து பறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த வருடம் கார்னூஸ்டியின் புல்லைப் பற்றி ஆட்டக்காரர்களே எவ்வளவு புலம்பினார்கள் என்று பிறகுதான் படித்தேன்.

இது அப்பா பாசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். படத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல எனக்கு ஆள் வேண்டாம். கேமராவுக்கு மேடுபள்ளம் தெரியாது. அகஸ்டாவின் பத்தாம் குழி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடத்துக்கு நூறடி இறக்கம், நம் பத்து மாடி புளோக்கின் உச்சியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வருவது போல. திரையில் பார்த்தால் கிழக்குக் கடற்கரைப் பூங்கா மாதிரி சமமாகத் தெரிகிறது. காற்றும் தெரியாது, ஈரமும் தெரியாது, புல் படுத்த பக்கமும் தெரியாது. அதையெல்லாம் சொல்லத்தானே அங்கே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்? 2015-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி முதன்முதலாக யுஎஸ் ஓப்பன் கோல்ஃபை எடுத்துக்கொண்டு புதுக் கருவிகளோடு சேம்பர்ஸ் பே திடலில் இறங்கியது. கிரீனெல்லாம் கரடுமுரடு. காலிஃபிளவரில் பந்து உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் ரோரி மெக்கில்ராய். கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் மூன்று தடவை உருட்டிக் கோப்பையை ஜோர்டன் ஸ்பீத்திடம் விட்டார். கோல்ஃப் உலகம் ஒரு வாரம் முழுக்கப் புல்லைப் பற்றிப் பேசியது அப்போதுதான், அதுவும் திட்டுவதற்கு.

சரி, உங்கள் கேள்வி. அமெரிக்காவா பிரிட்டனா? கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிடுங்கள், எந்த நாட்டுக்காரர் ஆனாலும். ஆட்டக்காரரின் பின்னாலேயே மைக்கோடு நடக்கிறாரே, அவரைக் கவனியுங்கள். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் பல காலம் ரோஜர் மால்ட்பி அப்படி நடந்தார். பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சியில் வெய்ன் ரைலி, அவர் பிரிட்டிஷ்காரர்கூட இல்லை, ஆஸ்திரேலியர். பந்து கிடக்கும் இடத்தில் குனிந்து பார்த்துவிட்டு அடிக்குரலில் இரண்டு வாக்கியம் சொல்வார்கள். அந்த இரண்டு வாக்கியத்துக்காக மிச்ச மூன்று மணி நேரப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செந்தோசாவில் பெண்கள் போட்டி பார்க்கப் போயிருந்தேன். தஞ்சோங் திடலில் மணல்குழியைச் சீவி முடித்து ஒரு தம்பி மரநிழலில் நின்றிருந்தார். மன்னார்குடிப் பக்கம். முன்னால் ஒரு கொரியப் பெண் பந்தை உருட்டக் குனிந்தபோது அவர் என்னிடம் ரகசியம்போல, "இடப்பக்கம் இழுக்கும் அண்ணே, அந்தம்மா நேரா அடிக்குது" என்றார். இடப்பக்கம்தான் இழுத்தது. உங்கள் நண்பர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தம்பியிடம் கேட்கட்டும்.

உங்கள் மனைவி சிரிப்பதற்கு வருத்தப்படாதீர்கள். எங்கள் அம்மாவும் சிரிப்பார். "பகல்லாம் வெட்டுன புல்லையே ராத்திரியும் பாக்குறாரு" என்பார். அப்பா பதில் பேச மாட்டார். திரையில் யாராவது பந்தை உருட்டக் குனியும்போது மட்டும், திடலில் காவலாளி செய்வதுபோல வலக்கையை மெல்ல உயர்த்துவார். அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்வார்.

அன்புடன்.