போட்டோ கேட்டாரா, ஓவியம் கேட்டாரா? பாக்கி 42,000 ரூபாய்

கேள்வி: நான் கோவையில் டிஜிட்டல் ஓவியர். மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவருக்கு 12 பாட்டில் படங்கள் செய்துதர 72,000 ரூபாய் பேசி, 30,000 முன்பணம் வாங்கினேன். கண்ணாடியில் லைட் அடிக்கும் என்பதால் கேமராவை எடுக்காமல் கம்ப்யூட்டரிலேயே வரைந்து கொடுத்தேன். இப்போது, "கேட்டது போட்டோ, வந்தது டிராயிங். எண்ணெய் நிறமே வேறயா இருக்கு" என்று பாக்கி தர மறுக்கிறார். ஆனால் அட்டைப்பெட்டியிலும் ஆன்லைன் கடையிலும் என் படங்கள்தான் ஓடுகின்றன. ராத்திரி பகலாக உழைத்தவனை அவமானப்படுத்துகிறார், போனும் எடுப்பதில்லை. காப்புரிமைப் (காப்பிரைட்) புகார் கொடுத்து படங்களைத் தூக்க வைக்கலாமா?

பதில்: உழைப்பும் அவமானமும் வழக்கில் ஏறாது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளில் எனக்கு வேண்டியது அவர் எழுதிய ஒரே வரி: "பாட்டில் போட்டோ மாதிரி பளிச்சுன்னு வேணும்ண்ணா." கேட்டது போட்டோ என்றால் 'மாதிரி' எதற்கு? பிடிக்கவில்லை என்றவர் அதையே பெட்டியில் அச்சடித்து விற்கவும் செய்கிறார். ஒப்பந்தமே தகராறு என்றாலும், பயனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டு இருக்கிறது. அந்த சாட் உள்ள போனை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

நான் பயப்படுவது நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸைப் பார்த்துத்தான். இந்த மாதிரி கேஸ்களில் கட்சிக்காரர்கள் கோபத்தில், "நான் கொடுத்தது போட்டோவுக்குச் சமமான போட்டோதான்" என்று எழுதிவிடுகிறார்கள். முடிந்தது கதை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17(b)படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. பெயின்டிங்கும் உருவப்படமும் அந்த வரிசையில் உண்டு. டிராயிங் என்ற சொல் இல்லை. அதாவது "இது டிராயிங்" என்று அவர் கத்துவது உங்களுக்குத்தான் லாபம். அதை மறுக்காதீர்கள். டிராயிங் என்றால் உரிமை அவருக்குப் போக உங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், 19ஆம் பிரிவு. டிஜிட்டல் படமும் பெயின்டிங்தான் என்று அவர் வக்கீல் வாதாடுவார். அது திறந்த கேள்விதான், ஆனால் அதற்கு அவர் செலவழிக்க வேண்டும்.

இன்னொன்று, உண்மையைச் சொல்லுங்கள்: அவர் அனுப்பிய போன் போட்டோவைக் கீழே வைத்து அதன் மேல் வரைந்தீர்களா? அப்படியென்றால் அடிப்படைப் படம் அவருடையது. வரைந்த அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும் உங்கள் லேயர் ஃபைலைத் திறந்து பார்த்த நிமிடமே அது வெளியே வந்துவிடும்.

அடுத்து நீக்கச் சொல்லும் புகார். முன்பணம் வாங்கி, ஃபைலை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். பயன்படுத்த அனுமதி தந்தீர்கள் என்று அவர் சொன்னால் கோர்ட் காது கொடுக்கும். புகாரால் விற்பனை நின்றால், ஆதாரமில்லாத மிரட்டல் என்று 60ஆம் பிரிவில் அவரே உங்கள் மேல் நஷ்டஈடு கேட்பார். 42,000 கேட்கப் போய், தீபாவளி சீசன் விற்பனைக்குக் கணக்கு சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட 'மோசடிக்காரர்' ஸ்டோரியை இன்றே எடுங்கள்.

நிறப் புகாரை ஒதுக்கியிருப்பேன். ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, ஏமாற்றும் விளம்பரத்தை வெளியிட்டவரோடு அதில் பங்கானவரையும் பிடிக்கும், 10 லட்சம் வரை அபராதம். "இன்னும் கொஞ்சம் கோல்டா போடுங்க" என்று அவர் சொன்ன மெசேஜ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நிறத்தை நீங்களாகவே ஏற்றினீர்கள் என்றால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சமாதானமாகப் போங்கள். 42,000க்கு வழக்கு என்றால் அலைச்சலும் வக்கீல் ஃபீஸும் சேர்ந்து பாதியைத் தின்னும். என் ஃபீஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 35,000 கேளுங்கள், பதிலுக்கு உரிமை மாற்றக் கடிதம் தருவதாகச் சொல்லுங்கள். பெட்டி அடித்து வைத்திருப்பவருக்கு அந்தக் காகிதம் உங்களைவிட அவசரம். அதில் 12 படங்களையும் ஒவ்வொன்றாகக் குறியுங்கள். எத்தனை வருஷம், எந்த ஊர்வரை என்று எழுதாவிட்டால் சட்டமே 5 ஆண்டு, இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது போதும். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து.